வளரும் பிள்ளைக்கு வீட்டிலேயே பிசியோதெரபி

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி; இளம் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவும் நிலையும் குறைபடுவது) உள்ள பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி என்றால், யாரோ ஒருவர் வந்து கை கால்களைப் பிடித்து நீட்டி மடக்கிவிட்டுப் போவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 13 வயதாகும் என் மகளுக்கு வீட்டிற்கு வந்து பயிற்சி தரும் தெரபிஸ்ட் அம்மையாரின் வேலையை அருகிலிருந்து பார்த்துவரும் தாயாக, அது அதைவிட மிகப் பெரிய காரியம் என்று சொல்ல விரும்புகிறேன்.

பயிற்சி மையத்தின் வழவழப்பான தரையில், இரு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாக நடக்கும் பிள்ளை, வீட்டில் குளியலறையின் ஈரமான வாசற்படியைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுவாள். அந்த அம்மையார் முதல் நாள் எந்தப் பயிற்சியும் தரவில்லை. அவள் பாயிலிருந்து எப்படி எழுகிறாள், வாளியும் குவளையும் எந்த உயரத்தில் இருக்கின்றன, கதவின் தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தச் சொன்னார். குளிப்பதற்கு உட்காரும் முக்காலியின் உயரத்தை மாற்றினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை எழுவதும் உட்காருவதும் அவளுக்குப் பயிற்சியாகவே ஆகிவிட்டன.

இது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமல்ல. மூளை முடக்குவாதத்திற்கான சிகிச்சை முறைகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், பெற்றோருக்குக் கற்றுத்தந்து வீட்டில் தொடரும் திட்டங்களும், பிள்ளை தானே முயன்று செய்யும் இலக்கு சார்ந்த பயிற்சியும் பலனுள்ளவை என்ற வரிசையில் இடம்பெற்றிருந்தன. பிறர் பிடித்து நீட்டிவிடுவதற்கு அத்தகைய வலுவான ஆதாரம் இல்லை.

பதின்பருவத்தில் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. எலும்பு விரைந்து வளரும்போது இறுகிய தசை அதற்கு ஈடுகொடுப்பதில்லை; உடல் எடையும் ஏறுகிறது; நேற்று வரை நடந்த பிள்ளைக்கு முழங்கால் மடங்கியே நிற்கிறது. சரியாக இந்த வயதில்தான், டியூஷனையும் தேர்வையும் காரணம் காட்டி, "இனி என்ன முன்னேற்றம் வந்துவிடப் போகிறது" என்று உறவினர்களும் சேர்ந்து சொல்ல, பல வீடுகளில் பயிற்சி நின்றுபோகிறது. எனக்கு மிகுந்த வேதனை தருவது இதுதான்.

இந்த வயதுப் பிள்ளையின் சம்மதமின்றி அவள் உடலைத் தொடுவதும் சரியன்று. மாதவிடாய் தொடங்கியபின் என் மகள் வேண்டியது ஒன்றே: கதவைச் சாத்திக்கொண்டு, யார் உதவியுமின்றி, நாப்கினைத் தானே மாற்ற வேண்டும். ஒரு கையால் பிடித்து நின்று மறு கையால் உடையை இறக்குவதற்கு இடுப்பு வலுவும் சமநிலையும் வேண்டும் என்பதால், தெரபிஸ்ட் அதையே இலக்காக வைத்துக்கொண்டார். பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், அதன்பின் தானாகவே கேட்டுச் செய்தாள். அவள் தேர்ந்தெடுத்த இலக்கு என்பதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் பணம் கட்டி வரவழைக்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) சேர்க்கப்பட்டுள்ளது. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கான பயிற்சி பற்றிப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் விசாரிக்கலாம். கேட்கும்போது, "எக்சர்சைஸ் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், பிள்ளைக்கு எந்த வேலை முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள்.

வீட்டில் பயிற்சி நடக்கிறது என்பதற்காக மருத்துவமனையை விட்டுவிடக் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு வலியே இல்லாமல் மெல்ல விலகக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கப் போடும் ஸ்பிளின்ட் என்ற கட்டும் பிள்ளை வளர வளர அளவு போதாமல் போகும். தோலில் சிவப்புத் தடம் விழுந்து மறையாமலிருந்தால், அடுத்த வருகைக்குக் காத்திராமல் உடனே காட்டிவிடுங்கள்.