“ஜோடி” முயல் வாங்குகிறவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ தெருமுனை மீன்தொட்டிக் கடையிலோ முயல் விலை கேட்டால், “ஜோடியா எடுத்துக்குங்க, தனியா வச்சா செத்துடும்” என்றுதான் பதில் வரும். கூடையில் கிடப்பவை நான்கைந்து வாரக் குட்டிகள். அந்த வயதில் எது ஆண், எது பெண் என்பது விற்பவருக்கே உறுதியாகத் தெரியாது. ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு என்று நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பதுதான் பல இடங்களில் “ஜோடி”. தனியாக இருந்தால் முயல் சாகாது. துணை இருந்தால் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான். அந்தத் துணை எதிர்ப்பாலாக அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கூடைக்காரர் சொல்ல மாட்டார்.

தமிழ் மாதக் கணக்கிலேயே பார்க்கலாம். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள். நம் மாதமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் கணக்கு சுலபம். பொங்கலுக்கு ஒரு மாதக் குட்டிகளாக ஆணும் பெண்ணும் வாங்குகிறீர்கள். சித்திரை பிறக்கும்போது இரண்டுக்கும் நான்கு மாதம். சிறிய ரகம் இணைசேர அது போதும். வைகாசியில் முதல் ஈற்று, நான்கு குட்டி என்று வைப்போம். குட்டி போட்ட அன்றைக்கே பெண் முயல் மறுபடி சினைபிடிக்கும். ஆணைப் பிரிக்காவிட்டால் ஆனியில் ஆறு, ஆடியில் இன்னொரு ஆறு. ஆடிப் பெருக்குக்குள் வீட்டில் 18 முயல். புரட்டாசியில் வைகாசிக் குட்டிகளுக்கும் நான்கு மாதம் ஆகிவிடும். அப்புறம் யார் யாருக்குப் பிறந்தது என்று எழுதி வைக்க நோட்டுப் புத்தகம் வேண்டும்.

“அண்ணன் தங்கச்சி சேராதுங்க” என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சேரும். மகன் தாயோடு சேரும், தகப்பன் மகளோடு சேரும். “இப்ப பருவத்துல இல்ல” என்பதும் செல்லாது. ஆடு மாட்டுக்கு இருப்பதுபோல் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வருவது முயலுக்குக் கிடையாது. இணைசேர்ந்த தூண்டுதலால்தான், சுமார் 10 மணி நேரம் கழித்து, கருமுட்டை வெளிவரும். அதனால் நல்ல நாள், கெட்ட நாள் என்று எதுவும் இல்லை. சேர்க்கை முடிவதற்குச் சில விநாடி போதும். ஆண் ஏறி, சின்னதாய் ஒரு சத்தம் போட்டு, பக்கவாட்டில் விழுந்துவிடும். “கூண்டு கழுவுற நேரம் மட்டும் சேர்த்து விட்டேன்” என்பவர்களுக்கு அடுத்த மாதம் குட்டி பிறப்பது இப்படித்தான்.

ஆக, மனதில் வைக்கவேண்டிய எண் 70. பிறந்து 70 நாளுக்குள், அதாவது பத்து வாரத்துக்குள், ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். சிறிய ரகங்கள் மூன்றரை, நான்கு மாதத்தில் சினைபிடிக்கும். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற பெரிய ரகங்களுக்கு ஐந்து, ஆறு மாதம் ஆகும். சந்தையில் வாங்குவது பெரும்பாலும் கலப்பு என்பதால் எந்தக் கணக்கில் வரும் என்று சொல்ல முடியாது, முந்திக்கொள்வதே புத்தி. வயதைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். சிறிய ரகத்தில் வளர்ந்த முயலையே “குட்டி” என்று தள்ளிவிடுவதும் உண்டு. வளர்ந்த பெண் முயலை வாங்கினால், அது ஏற்கெனவே சினையாக இருக்கலாம் என்று எண்ணி 35 நாள் தனியாக வைத்துப் பாருங்கள்.

பிரிப்பதற்கு எது எது என்று தெரிய வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாற்காலி வேண்டாம், தரையில் சப்பணமிட்டு உட்காருங்கள். மடியில் ஒரு துண்டு. முயலின் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்க, ஒரு கை அதன் மார்பையும் முன்னங்கால்களையும் அணைத்திருக்க வேண்டும். பின்புறம் உங்கள் மடியில் பதிந்திருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டால் உதைக்கும். அந்த உதையிலேயே முயல் தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மறு கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வாலைக் கவ்விப் பின்னால் மடக்கி, கட்டைவிரலால் பிறப்புறுப்புக்குச் சற்று மேலே, வயிற்றுப் பக்கமாக, மெல்ல அழுத்துங்கள். உள்ளிருக்கும் இளஞ்சிவப்புத் தசை வெளியே வரும்.

ஆண் என்றால் அது வட்டமாக, சிறு குழாய்போல் எழும்பி நிற்கும். நுனியில் துளை புள்ளியாகத் தெரியும். பெண் என்றால் இலைபோல் விரிந்து, நடுவில் ஒரு பிளவு ஆசனவாய்ப் பக்கமாக நீளும். அழுத்தம் போதாவிட்டால் பெண்ணுக்கும் வட்டமாகத்தான் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆசனவாய்க்கும் உறுப்புக்கும் உள்ள இடைவெளி ஆணுக்குக் கூடுதல், பெண்ணுக்குக் குறைவு. ஒரே ஒரு குட்டியைப் பார்த்து முடிவு செய்வது கடினம். ஒரே ஈற்றுக் குட்டிகளை வரிசையாகப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

நான்கு வாரத்தில் பார்த்தது தப்பாகலாம், எட்டாவது வாரத்தில் மறுபடி பாருங்கள். பத்தாவது வாரத்தில் மூன்றாம் முறை. பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆணின் விரைகள் இறங்கும்; உறுப்பின் இருபுறமும் முடியில்லாத இரண்டு நீளப் பைகளாகத் தெரியும். ஆனால் பயத்திலும் குளிரிலும் முயல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே “பை தெரியல, அப்ப பெண்தான்” என்று முடிவு கட்டாதீர்கள். கழுத்தடியில் தொங்கும் சதை மடிப்பும் நம்பகமான அடையாளம் இல்லை, அது வளர்ந்த பிறகு வருவது. பார்த்து முடித்த கையோடு காதின் உட்புறம் மார்க்கர் பேனாவால் அடையாளம் வையுங்கள்: ஆணுக்கு வலது காது, பெண்ணுக்கு இடது. வாரத்தில் அழிந்துவிடும், மறுபடி வைக்க வேண்டும். எல்லாம் வெள்ளைக் குட்டியாக இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமல் இருப்பது வம்பு.

பிரிப்பது என்றால் இரண்டு கூண்டு. ஒரு கூண்டை நடுவில் கம்பி வலை போட்டுத் தடுப்பதைப் பிரிப்பு என்று சொல்ல முடியாது. வலைக்கு இருபுறமும் நின்றே சேர்ந்து சினைபிடித்த முயல்கள் உண்டு. தடுப்பு பிளைவுட்டாகவோ தகரமாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கூண்டுகளுக்கிடையே அரை அடியாவது இடைவெளி விடுங்கள். மாடியில் ஓடவிடுகிறவர்கள் மூன்றடி உயரத் தடுப்பு வையுங்கள். இரண்டடி என்பது முயலுக்கு ஒரு தாவல். ஓடவிடும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள், காலையில் ஆண், மாலையில் பெண் என்று. கூண்டுத் தாழ்ப்பாளைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி ஒரு சிறு பூட்டும் போட்டுவிட்டால் நல்லது. பள்ளி விடுமுறையில் வந்த அத்தை பிள்ளைகள் “பாவம், தனியா இருக்கு” என்று இரண்டையும் ஒரே கூண்டில் விடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

இரண்டும் பெண் என்றால் சேர்ந்தே இருக்கலாம், சில சமயம் சண்டை வரும். இரண்டும் ஆண் என்றால் நான்கு மாதத்துக்கு மேல் கடி, அதுவும் விரையில் கடி. தனித்தனியாக வைப்பதைத் தவிர வழியில்லை. பெண் முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் கருமுட்டை வெளிவந்து பொய்ச்சினை ஏற்படலாம். பதினாறு, பதினேழு நாள் கழித்து மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும், குட்டி வராது. பிரித்து வைத்தும் சினையாகிவிட்டதே என்று பதறுகிறவர்கள் முதலில் நாளை எண்ணுங்கள். 31 நாள் ஒட்டிய கணக்காக இல்லாவிட்டால் பெரும்பாலும் இதுதான்.

“வெயில் காலத்துல குட்டி போடாது” என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் ஆணின் விந்து பலவீனப்படும், தேறச் சில வாரம் ஆகும். ஆனால் மாடிப்படிக்கு அடியிலோ மின்விசிறி ஓடும் அறையிலோ வளரும் முயலுக்கு அந்தச் சூடு எட்டாமலே போகலாம். சித்திரையில் ஒன்றும் நடக்கவில்லையே என்று சேர்த்தே வைத்திருப்பார்கள், மழை தொடங்கியதும் வரிசையாகக் குட்டி. வெயிலைக் கருத்தடையாக நம்பாதீர்கள். பப்பாளிக்காய், எள், மனிதர்கள் சாப்பிடும் மாத்திரை இவற்றையும் முயல் பக்கம் கொண்டுபோக வேண்டாம். வயிறு கெட்டால் முயல் இரண்டே நாளில் போய்விடும்.

சேர்த்தே வளர்க்க ஆசை என்றால் அறுவை சிகிச்சைதான் வழி. ஆணுக்கு விரை இறங்கிய பின், நான்கு மாதம் ஒட்டிச் செய்யலாம். பெண்ணுக்கு ஐந்து, ஆறு மாதத்தில் கருப்பையை நீக்குவார்கள். ஒருவருக்குத்தான் பணம் என்றால் ஆணுக்குச் செய்யுங்கள், அது எளிய அறுவை, தேறுவதும் சீக்கிரம். பெண்ணுக்குச் செய்வதில் வேறொரு லாபம் உண்டு. நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்று மிக அதிகமாக வரும். கருப்பையே இல்லாவிட்டால் அந்தப் பயம் இல்லை.

ஆட்டுக்குக் காயடிக்கிற இடுக்கியை முயலுக்குக் கொண்டுவர யாரையும் விடாதீர்கள். முயலுக்கு விரைப் பைக்கும் வயிற்றுக்கும் இடையிலான வழி ஆயுள் முழுக்கத் திறந்தே இருக்கும். அறுவை செய்கிறவர் அதைத் தையலிட்டு அடைக்காவிட்டால் குடல் இறங்க வாய்ப்பு உண்டு. முயல் பார்த்துப் பழகிய மருத்துவர்தான் வேண்டும். வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். தனியார் மருத்துவமனை என்றால் முன்கூட்டியே இரண்டு கேள்வி கேளுங்கள்: வாயு மயக்கமருந்து இருக்கிறதா? முந்தைய இரவு பட்டினி போட வேண்டுமா? இரண்டாவதற்கு “ஆமா, நாய்க்கு மாதிரிதான்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி தேவையே இல்லை. குடல் வெறுமையாகி நின்றுபோனால்தான் ஆபத்து. கிளம்பும் வரை புல் தின்னட்டும். மயக்கம் தெளிந்ததும் கொடுக்க அருகம்புல்லும் கொத்தமல்லித் தழையும் கையோடு எடுத்துப் போங்கள். வலிக்கு மருந்து கொடுத்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். வலி இருந்தால் முயல் தின்னாது. பன்னிரண்டு மணி நேரத்தில் தின்னவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

இதற்குப் பிறகும் ஒரு பொறி இருக்கிறது. அறுவை முடிந்த ஆணின் விந்துக் குழாயில் பழைய விந்து மிச்சம் இருக்கும். ஆறு வாரம் முடியும் வரை அதைப் பெண்ணோடு விடக் கூடாது. “ஆபரேஷன் பண்ணியும் குட்டி போட்டுடுச்சு” என்று டாக்டரைத் திட்டுகிறவர்களில் பலர் பத்தாம் நாளே சேர்த்து விட்டவர்கள்.

எல்லாம் மீறி இரண்டும் சேர்ந்துவிட்டால், அன்றைய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு ஆணைத் தனியே எடுத்துவிடுங்கள். குட்டிகள் வேண்டவே வேண்டாம் என்றால் முதல் சில நாட்களிலேயே மருத்துவரிடம் போய்க் கருப்பை நீக்கம் பற்றிப் பேச வேண்டும். நாள் ஏற ஏற ஆபத்தும் ஏறும். 12ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் பழகிய கை அடிவயிற்றைத் தடவினால் கோலிக்குண்டுபோல் உருண்டைகள் தட்டுப்படும். நீங்களே அமுக்கிப் பார்க்காதீர்கள், கரு கலைவதோடு தாய்க்கும் கேடு. பிரசவத்துக்கு விடுவதென்றால் 28ஆம் நாள் ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலமுள்ள மரப்பெட்டியைக் கூண்டில் வையுங்கள். குட்டி தவறி வெளியே விழாதபடி வாசல் பலகை அரை அடி உயரம் இருக்கட்டும். உள்ளே மூன்று, நான்கு அங்குலம் காய்ந்த புல் அல்லது வைக்கோல். பழைய துணியும் பஞ்சும் வேண்டாம், நூல் இழை குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும்.

பிறந்த மறுநாள் செத்த குட்டி இருந்தால் எடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி எழுதி வையுங்கள். தாய் குட்டிப் பெட்டிப் பக்கமே போகவில்லை என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் நாளைக்கு ஒரே முறை, விடியற்காலையில், ஐந்து நிமிடத்துக்குள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். வயிறு உருண்டையாக இருந்தால் குடித்திருக்கிறது என்று அர்த்தம். சுருங்கிக் குளிர்ந்து கிடந்தால் மட்டும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பரிதாபப்பட்டுப் பசும்பாலைச் சொட்டு மருந்துக் குழாயில் புகட்டினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். பத்துப் பன்னிரண்டாம் நாள் கண் திறக்கும், மூன்றாவது வாரம் பெட்டியை விட்டு வெளியே வந்து தாயோடு சேர்ந்து புல்லைக் கொறிக்கும். எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும். கொடுப்பதாக இருந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு பெண்ணாகக் கொடுங்கள், ஆண் குட்டிகளைத் தனித்தனி வீட்டுக்கு. யாராவது வந்து “ஜோடியா குடுங்க” என்று கேட்டால், காது மையைக் காட்டி எது எது என்று சொல்லி, அந்தக் குட்டிகளின் 70ஆம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.