8 நாளைக்குப் போனவர்கள்

2024 ஜூன் 7

போயிங்கின் புது விண்கலம் ஸ்டார்லைனர் நேற்று ராத்திரி விண்வெளி நிலையத்தைப் பிடித்துவிட்டது. கதவு திறந்ததும் சுனிதா வில்லியம்ஸ் ஆட்டம் போட்டுக்கொண்டே உள்ளே மிதந்து வந்தார். 2006, 2012, இப்போது மூன்றாவது தடவை. தாய் வீட்டுக்கு வந்த பெண்ணின் முகம். பின்னாலேயே கூட வந்த வீரர் புட்ச் வில்மோர்.

வழியில், கலத்தைத் திருப்பி நகர்த்தும் சிறு ராக்கெட்டுகளான த்ரஸ்டர்களில் 5 நின்றுபோய், அவற்றில் 4 மட்டும் திரும்ப வேலை செய்தன. ஹீலியம் கசிவு வேறு. எரிபொருளைத் த்ரஸ்டருக்குத் தள்ளிவிடுவது அந்த ஹீலியம்தான்.

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நிலையத்தில் சிறுநீரைக் குடிநீராக மாற்றும் கருவியின் பம்ப் பழுதாகிவிட்டது. புது பம்ப் கிட்டத்தட்ட 70 கிலோ. அதை ஏற்ற இவர்கள் இருவரின் துணிப்பெட்டிகளையும் இறக்கிவிட்டார்கள். 8 நாள்தானே, அங்கே இருப்பில் உள்ள துணியைப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு.

2024 ஜூன் 28

செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. நிலையத்தில் இருந்த 9 பேரும் அவரவர் வந்த கலத்துக்குள் போய் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். வில்மோரும் சுனிதாவும் போனது அதே ஸ்டார்லைனருக்குள். அவசரத்துக்கு ஏறலாம், நிதானமாகத் திரும்பி வர மட்டும் யோசனை. விசித்திரமான நிலைமை.

2024 ஆகஸ்ட் 25

முடிவு வந்துவிட்டது. ஸ்டார்லைனர் ஆளில்லாமல் திரும்பும். இருவரும் அடுத்த பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் வருவார்கள்.

'இதற்கு ஏன் இரண்டரை மாதம்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். த்ரஸ்டர்கள் இருப்பது கலத்தின் பின்பகுதியில். அது தரைக்கு வராது. இறங்கும் முன் கழற்றிவிட்டால் வளிமண்டலத்தில் எரிந்து சாம்பலாகிவிடும். கோளாறான பாகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், அது மேலே ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பார்த்தால்தான் உண்டு. அதனால் அங்கே த்ரஸ்டர்களை இயக்கிப் பார்த்தார்கள். கீழே நியூ மெக்சிகோவில் அதே மாதிரி த்ரஸ்டர் ஒன்றை எரித்துப் பார்த்ததில், உள்ளே இருக்கும் டெஃப்லான் அடைப்பு சூட்டில் உப்பி வழியை மறிப்பது தெரிந்தது. திரும்பும் வழியிலும் அப்படி நடக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. 2003-இல் கொலம்பியா விண்கல விபத்தில் 7 பேரை இழந்த நாசா 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயம்.

துணி இம்மாதம் சரக்குக் கலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

2024 செப்டம்பர் 7

ஸ்டார்லைனர் காலியாக வந்து பாலைவனத்தில் அழகாக இறங்கியது. 'அப்போ ஆளோடேயே வந்திருக்கலாமே' என்று இப்போது சொல்வது சுலபம்.

புதிய டிராகன் வரும்வரை இருவருக்கும் சொந்த இருக்கை கிடையாது. ஆபத்து என்றால், அங்கே ஏற்கெனவே நிற்கும் டிராகனில் சரக்கு வைக்கும் இடத்தில் ஃபோம் போட்டுப் படுத்து வர ஏற்பாடு. விமானத்தில் நடு சீட் கிடைத்தால் புலம்புகிற ஜாதி நான்.

2024 செப்டம்பர் 24

ரஷ்ய விண்வெளி வீரர் ஒலெக் கொனொனென்கோ நிலையத்தில் 374 நாள் தொடர்ந்து இருந்துவிட்டு நேற்றுத் தரையிறங்கினார். மொத்தக் கணக்கில் 1,111 நாள். நம் சேனல் எதிலும் ஒரு வரி இல்லை. கிளம்புமுன் நிலையத்தின் தலைமைப் பொறுப்பை சுனிதாவிடம் ஒப்படைத்தார்.

2024 நவம்பர் 15

அத்தை போனில் வந்த சுனிதாவின் படத்தைக் காட்டினார். "அந்தப் பொண்ணு சாப்பிடுதா இல்லையாம்மா? கன்னம் ஒட்டிப்போச்சே."

"சாப்பிடறாங்க அத்தை. வந்தப்ப இருந்த எடைதான் இப்பவும்னு அவங்களே சொல்லிட்டாங்க."

எடையற்ற இடத்தில் உடம்பின் நீர் மேலே ஏறி முகத்தின் வடிவத்தையே மாற்றிவிடும். போதாததற்கு, எலும்பும் தசையும் கரையாமல் இருக்கத் தினமும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உடற்பயிற்சி. அங்கே இரும்பைத் தூக்கிப் பயனில்லை. அதற்கு எடையே கிடையாது. வெற்றிட உருளைகள் எதிர்த்து இழுக்க, அதைத் தள்ளித்தான் ஸ்குவாட் போடுகிறார்கள். ஸ்குவாட் போட்டுப் போட்டுத் தொடை பெருத்துவிட்டது என்கிறார் சுனிதா. அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை.

2025 ஜனவரி 31

சுனிதாவும் வில்மோரும் சேர்ந்து நேற்று நிலையத்துக்கு வெளியே போய் 5 மணி 26 நிமிடம் வேலை பார்த்தார்கள். பழைய ஆன்டெனா பாகம் ஒன்றைக் கழற்றினார்கள். காற்றுப்போக்கி வாய்களின் அருகே துடைத்து மாதிரி எடுத்தார்கள், உள்ளிருந்து கசியும் நுண்ணுயிர்கள் வெளியே பிழைக்கின்றனவா என்று பார்க்க. சுனிதாவின் மொத்த விண்நடை நேரம் 62 மணி 6 நிமிடம். பெண்களில் இதுவே அதிகம்.

இந்தச் சாதனை செய்தியின் கடைசிப் பத்தியில். தலைப்பில் 'சிக்கித் தவிக்கும் சுனிதா'. இரண்டு காலி இருக்கைகளோடு டிராகன் செப்டம்பர் 29-லிருந்து அங்கேயே நிற்கிறது, ஐயா! அடுத்த குழு வருமுன் இவர்கள் கிளம்பினால் அமெரிக்கத் தரப்பில் டான் பெட்டிட் ஒருவர்தான் மிஞ்சுவார். காத்திருப்பது அதற்காக.

2025 மார்ச் 19

விடிகாலை 3:27-க்கு ஃபுளோரிடா கடலில் இறங்கினார்கள். கலத்தைச் சுற்றி டால்ஃபின்கள். 286 நாள், பூமியை 4,576 சுற்று. ஸ்ட்ரெச்சரில் தூக்கியதைப் பார்த்து அத்தை பதறினார். நீண்ட நாள் இருந்துவிட்டு வருகிற எல்லோரையும் அப்படித்தான் இறக்குவார்கள் என்றேன்.

"மறுபடி அனுப்புவாங்களா?"

"அவங்களுக்கு இப்ப 59 வயசு, அத்தை."

"அதனால என்ன?" என்றார்.