என்னத்தை வாங்கினீர்கள்?

எங்கள் மின்சார அலுவலகம் ஊரில் கரண்ட் ஏன் அடிக்கடி போகிறது என்று ஆலோசகர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. அதைப் பற்றித் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டுக் கேட்ட ஐயா ஒருவருக்கு நாங்கள் அனுப்பிய பதிலில் பொய் ஒன்றும் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆலோசகர்களோடு எப்போது ஒப்பந்தம் செய்தோம், கட்டணம் எவ்வளவு, எப்படி எப்படிக் கட்டி முடித்தோம் எல்லாம் அதில் இருந்தது. தகவல் அலுவலருக்குப் பதில்களைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. வரைவு என்னுடையதுதான்.

கடிதம் கிடைத்ததும் அவர் நேரே கவுண்டருக்கு வந்தார். "பிள்ளை, எவ்வளவு குடுத்தனீங்கள் எண்டதுக்குப் பதில் வந்திருக்கு. என்னத்தை வாங்கினனீங்கள் எண்டதுக்கு வரேல்லையே?"

அறிக்கையைத் தர முடியாது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதே ஐயா, வர்த்தக இரகசியம் இருக்கிறது என்றேன். "எங்கட ஊர் ஏன் இருண்டு கிடக்கெண்டுதானே எழுதினவை? அதில என்ன பிள்ளை இரகசியம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு அங்கால் சின்னதாக ஓர் அரிசி ஆலை வைத்திருப்பவர். காட்டுக்குள்ளால் நீண்டு போகும் லைனின் கடைசியில் இருப்பவர்களின் பாடு உங்களுக்குத் தெரியும். காற்றுக்குக் கிளை முறிந்தாலும் கரண்ட் இல்லை, யானை கம்பத்தில் உடம்பைத் தேய்த்தாலும் இல்லை. இருக்கும் நேரத்திலும் வோல்டேஜ் இறங்கிவிடும். இறங்கினால் மோட்டர் அதே வேலைக்குக் கூடுதலாகக் கரண்டை இழுக்கும், சூடேறும், வைண்டிங் எரியும். எரிந்த மோட்டருக்கு நட்டஈடு கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆய்வு இதைப் பற்றியதுதான். எங்கள் லைன்மேன் அண்ணைமார் ஆலோசகர்களை ஏற்றிக்கொண்டுபோய்க் கம்பம் கம்பமாகக் காட்டினார்கள். அறிக்கையில் பாதி அவர்கள் சொன்னதுதான். ஆனால் மற்றப் பாதி அப்படியல்ல. எந்தக் கிளை லைனில் எவ்வளவு சுமை, தானாகத் துண்டித்துத் திரும்பப் போடும் சுவிட்ச் எங்கே வரவேண்டும் என்று கணக்குப் போட எங்களிடம் ஆள் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தத் துறையில் எத்தனை பொறியியலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள்! அதனால் ஆலோசகரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசு வீண் என்றும் சொல்ல மாட்டேன். வீணா இல்லையா என்பதை யார் பார்த்துச் சொல்வது என்பதுதான் என் கரைச்சல்.

விண்ணப்பம் வந்த அன்று எங்கள் மேலதிகாரி சேர் கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு ஏன் இது?" காரணம் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை சேர் என்றேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. அதே சட்டம் மூன்றாம் தரப்பின் வர்த்தக இரகசியத்தை மறுக்கவும் இடம் தருகிறது. பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்கிறது. கொடுக்கக்கூடாத பகுதியைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கவும் சொல்கிறது. விலைக்கணக்குப் பக்கங்களை எடுத்துவிட்டுப் பரிந்துரைகளை மட்டும் கொடுக்கலாம் என்று கோப்பில் குறிப்பு எழுதினேன். ஆலோசகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே இருந்து, அறிக்கை முழுவதும் ஒன்றுதான், மறுக்கவும் என்று வந்தது. மறுத்து எழுதினேன்.

சேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று சில நாட்களில் தோன்றும். எல்லா அறிக்கையும் வெளியே போகும் என்று தெரிந்தால் எந்த ஆலோசகரும் எங்கள் குறையை உள்ளபடி எழுத மாட்டார், பூசி மெழுகித்தான் தருவார். அது யாருக்கு உதவும் என்பது அவர் வாதம். அப்புறம் பில் கட்ட வரும் சனத்தைப் பார்ப்பேன். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம் கட்டணம் கூடியபோது இதே கவுண்டரில்தான் வந்து நின்றார்கள். ஆலோசகரின் கட்டணம் கடனில் வந்தாலும் உதவியில் வந்தாலும் பெரும்பாலும் கடைசியில் அவர்கள் தலையில்தான் விழும். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே மக்களுக்கு விபரம் சொல்வது அமைச்சரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. யாரும் விண்ணப்பம் போடத் தேவையில்லாத தகவல் அது. நாங்களோ, விண்ணப்பம் போட்டவருக்கே தொகையைக் கொடுத்துவிட்டு அதைத்தான் வெளிப்படைத்தன்மை என்கிறோம். தொகையைச் சொல்வது சுகம். ஒரு வரியில் முடிந்துவிடும்.

மேன்முறையீடு செய்யலாம் ஐயா, கடிதத்தில் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். பிறகு தகவல் அறியும் ஆணைக்குழு வரைக்கும் போகலாம், தபாலில் அனுப்பினாலே போதும் என்றும் சொன்னேன். கவுண்டரில் நின்று அதற்கு மேல் நான் சொல்லக்கூடியது எதுவும் இருக்கவில்லை. "பாப்பம் பிள்ளை. உதுக்குள்ள அடுத்த போகமும் வந்திடும்" என்றார்.

அதன் பிறகு கோப்பை எடுத்து, பரிந்துரைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன நடந்தது என்று ஒரு தாள் தயாரித்தேன். இனிமேல் இப்படிக் கேட்பவர்களுக்கு இதையாவது பதிலோடு வைப்போமா என்று சேரிடம் காட்டினேன். "கேட்காததை ஏன் குடுப்பான்?" என்றார்.

அந்த ஐயா கேட்டிருந்தார். விண்ணப்பத்தில் மூன்றாவது கேள்வி அதுதான்: எந்தெந்தப் பரிந்துரையை நிறைவேற்றினீர்கள்? "பரிசீலனையில் உள்ளன" என்று மேலே இருந்து வந்த வரியைத்தான் பதிலில் போட்டோம். அதுவும் பொய் இல்லை. என் தாளில் நிறைவேறியது என்று நான் எழுத முடிந்தது ஒன்றே ஒன்று, லைனோரம் கிளை வெட்டுவது. லைன்மேன் அண்ணைமார் அதை ஆலோசகர்கள் வருவதற்கு முன்பும் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.