கடற்காற்று தின்ற போல்ட்டும் ஒரு தெர்மோஸ்டாட் வால்வும்

கார் இன்ஜினின் தெர்மோஸ்டாட் வால்வை மாற்ற அரை மணி நேரம் போதும் என்று எனக்குச் சொன்னவர்களில் ஒருவர்கூடக் கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர் இல்லை. குளச்சலுக்குப் பக்கத்தில் அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் என் வீடு. கூரையில்லாத முற்றத்தில் உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு நிற்பது பதினைந்து வயதைத் தாண்டிய சின்ன பெட்ரோல் கார். அந்த அரை மணி நேர வேலைக்கு எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும், நாகர்கோவிலுக்கு இரண்டு பஸ் பயணங்களும், ஒரு முறிந்த போல்ட்டும் செலவாயின.

வண்டி முதலில் காலை வாரியது மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, நெரிசலில். எப்போதும் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் டெம்பரேச்சர் முள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பை நோக்கி ஏறியது. ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் துணி வைத்துத் தொட்டுப் பார்த்தேன். இன்ஜின் பக்கம் கை வைக்க முடியாத அனல். ஹோஸோ குளிப்பதற்கு விளாவிய வெந்நீர் அளவுக்குத்தான் சூடாக இருந்தது. இன்ஜினில் இருக்கும் சூடு ரேடியேட்டருக்கு வந்து சேரவில்லை என்றால் நடுவில் இருக்கும் கதவு திறக்கவில்லை என்று பொருள். அந்தக் கதவுதான் தெர்மோஸ்டாட். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கருங்கல் வழியாக நான்கு இடங்களில் நிறுத்தி நிறுத்தி வீடு வந்தேன். ஹீட்டருக்குள்ளும் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஓடுவதால் அது ஒரு குட்டி ரேடியேட்டர் போல வேலை செய்யும். ஆனால் வியர்வையில் சட்டை பிழிய வேண்டியதாயிற்று.

வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு நான் சொன்னதை ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்ன வைத்தியம் வேறு. "சாரே, நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு? எடுத்துக் களஞ்சிட்டா வண்டி குளுகுளுன்னு ஓடும்லா." அவர் மட்டுமல்லர், விசாரித்த நான்கு பேரில் மூன்று பேர் அதையே சொன்னார்கள். மறுத்துப் பேசினால் படித்த திமிர் என்று எண்ணிக்கொள்வார்கள் என்பதால் அங்கே வாயைத் திறக்கவில்லை, இங்கே சொல்கிறேன். வெளியே 33 டிகிரி என்பது நமக்குச் சூடு. இன்ஜினுக்கு அது பச்சைத்தண்ணீர். 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஓடுவதற்காகத்தான் அதன் உறுப்புகளுக்கு இடைவெளியே விட்டிருக்கிறார்கள். வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால், இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும், எரியாத பெட்ரோல் கசிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். சில இன்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதே சுற்றுவழியை அடைக்கும் வேலையையும் செய்கிறது. அவற்றில் வால்வை எடுத்துவிட்டால் கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும், ஏற்றத்தில் வண்டி முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும். ஆகவே புதிய வால்வு போடுவது என்று முடிவு செய்தேன். அண்ணன் வருத்தப்படக் கூடாது என்பதற்காக நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னதுதான் நான் செய்த தவறு.

அடுத்த தவறு, பழையதைக் கழற்றும் முன்பே புதியதை வாங்கப் போனது. சனிக்கிழமை பஸ் ஏறி நாகர்கோவில் போனேன். கடையில் இருந்த இளைஞர் வண்டியின் பெயரையும் ஆண்டையும் கேட்டார், சேசிஸ் நம்பரைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் ஆர்.சி. புத்தகம் என் கையில் இல்லை. "இதுதான் சார், எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்று ஒரு பெட்டியை நீட்டினார். வீட்டுக்கு வந்து, மறுநாள் பழையதை வெளியே எடுத்த பிறகுதான் புதியதன் விளிம்பு 2 மில்லிமீட்டர் பெரிது என்று தெரிந்தது. அந்த 2 மில்லிமீட்டரால் அது தன் குழிக்குள் உட்காரவே மறுத்தது. சேசிஸ் நம்பரின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, பழைய வால்வைக் கையோடு கொண்டுபோவது.

பழையது வெளியே வந்த கதைதான் பெரிது. கூலண்டை ஒரு பேசினில் வடித்துக்கொண்டேன். எத்திலீன் கிளைகால் கலந்த அந்தத் தண்ணீர் தித்திக்கும், நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. மீன்காரர் சத்தம் கேட்டு வந்து முற்றத்தில் காத்திருக்கும் பூனைக்கு எட்டாமல் அதை உடனே மூடியிட்ட கேனில் ஊற்றிவைத்தேன். வடிந்தது பச்சை நிறமாக இல்லை, தேயிலைச் சாயம் போல் பழுப்பாக இருந்தது. அதற்குக் காரணம் நானேதான். மட்டம் குறைந்த போதெல்லாம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிய பாவம் அது. கடலோரக் கிணற்று நீரின் உப்பு, உள்ளே துருவையும் வால்வின் மேல் சுண்ணாம்புப் படிவையும் ஏற்றியிருந்தது.

வால்வை மூடியிருக்கும் அலுமினிய மூடியில் இரண்டு போல்ட்டுகள், 10-ஆம் நம்பர் ஸ்பேனர். முதல் போல்ட் மரியாதையாகக் கழன்றது. இரண்டாவது கால் திருகு திரும்பியது, பிறகு கையில் ஒரு விதமான மெத்தென்ற இளக்கம் தெரிந்தது. கழன்றுவிட்டது என்று மகிழ்ந்த அந்த நொடியில் 'டக்' என்ற சிறிய ஓசையோடு ஸ்பேனருக்குள் தலை மட்டும் வந்து நின்றது. முறிந்த முகத்தில் நடுவில் ஒரு புள்ளி மட்டும் பளபளத்தது, சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது. அந்தப் புள்ளியளவு இரும்புதான் இத்தனை நாளும் மூடியைப் பிடித்திருந்திருக்கிறது. மரச்சுத்தியால் தட்டித் தட்டி மூடியை எடுத்தபோது பல்பொடி போன்ற வெள்ளைத் தூள் கொட்டியது. இரும்பு போல்ட்டும் அலுமினிய உடலும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் இப்படித்தான் அரித்துப் பொடியாகி, மரையை அடைத்துப் போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அதிர்ஷ்டம் என்னவென்றால், மூடியின் தடிமன் அளவுக்கு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், முறிந்த போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லேத்துப் பட்டறைக்காரரைக் கேட்டேன். துளை போட்டு எடுக்கலாம், ஆனால் டிரில் சற்றே சாய்ந்தாலும் மரை போய்விடும் என்றார். அந்த நேர்மைக்காகவே அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். மூன்று இரவுகள் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டேன். நான்காம் நாள் கொதிக்கும் தண்ணீரைச் சுற்றியுள்ள அலுமினியத்தின் மேல் ஊற்றினேன். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், மயிரிழை இடைவெளியாவது கிடைக்கும் என்ற கணக்கு. பிறகு வைஸ் கிரிப் குறடால் பிடித்து, கழற்றும் பக்கமாக மட்டும் பலம் கொடுக்காமல், இறுக்கும் பக்கம் ஒரு நூல், கழற்றும் பக்கம் ஒரு நூல் என்று அசைத்தேன். இருபது நிமிடம் கழித்து ஒரு கீச்சொலி எழுந்தது. சுற்று வர ஆரம்பித்தது. அந்தக் கீச்சொலியைக் கேட்ட மகிழ்ச்சியில் வீட்டிலுள்ளவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் அதில் அவ்வளவு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் நாகர்கோவிலுக்கு இரண்டாவது பயணம். முதல் கடையில், பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். பிரிக்காமல் உள்ளே இருப்பதன் அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன்; அதற்குப் பதில் வரவில்லை, அடுத்த வாடிக்கையாளரிடம் பேசத் தொடங்கிவிட்டார். வேறொரு கடையில், பழைய வால்வை வாங்கி, அது எத்தனை டிகிரியில் திறக்கும் என்று தட்டில் பொறித்திருந்த 82 என்ற எண்ணைப் படித்து, ஒரே நிமிடத்தில் சரியானதை எடுத்துத் தந்தார் வயதான ஒருவர். ஆனால் விளிம்பைக் கவ்வும் ரப்பர் வளையம் அதில் இல்லை. ரப்பர் விளைகிற மாவட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்துக்காக மேலும் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். (அந்த வளையம் நம் தோட்டத்து ரப்பர் அல்ல, சூட்டையும் கூலண்டையும் தாங்கும் செயற்கை ரப்பர் என்பது வேறு விஷயம்.) பழைய வளையத்தையே போடுங்கள், மேலே பேஸ்ட் தடவுங்கள் என்ற யோசனையை எந்தக் கடையிலும் ஏற்காதீர்கள், என் பழைய வளையம் வளைத்தவுடன் அப்பளம் போல் ஒடிந்தது.

புதிய வால்வையும் நம்பாமல் சோதித்துப் பார்த்தேன். பள்ளியில் இயற்பியல் நடத்தும் மைத்துனரின் ஆய்வக வெப்பமானியை வாங்கி வந்து, பழையதையும் புதியதையும் நூலில் கட்டி, அடியில் முட்டாமல் ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டேன். புதியது 83 டிகிரியில் கண் திறந்தது. 95-ஐ எட்டும்போது சுண்டுவிரல் நுனி நுழையுமளவு திறந்திருந்தது. வால்வுக்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளுவதை இப்படிக் கண்ணால் பார்ப்பது தனிச் சுகம். பழையது தண்ணீர் கொதித்த பிறகும் ஒரு நெல்மணி அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. "இனி இந்தச் சட்டிய நீங்களே வச்சுக்கிடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டதால் வேறொன்று வாங்கிக்கொடுத்தேன். மொத்தச் செலவில் வால்வைவிடச் சட்டியே கூடுதல்.

பொருத்தும் வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது: ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கி, காற்று வெளியேறும் சிறு ஊசி மேல்பக்கம், புதிய போல்ட்டுகளின் மரையில் லேசாகக் கிரீஸ், குட்டை ஸ்பேனரால் கைப்பலம் மட்டும்.

பிறகு வந்தது உண்மையான பயம். கூலண்டை அவசர அவசரமாக ஊற்றி நிரப்பி, தெருமுனை வரை ஓட்டினேன். முள் மறுபடியும் ஏறியது. ஹீட்டரில் குளிர்காற்று வந்தது. பக்கத்துவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும், பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று ஆறுதல் கூறினார். அன்று மாலை முழுவதும் நான் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கொதிக்கும் இன்ஜின், கூடவே குளிர்ந்த ஹீட்டர்: உள்ளே காற்று சிறைப்பட்டிருப்பதற்கான அடையாளம் அது என்று இரவில்தான் உறைத்தது. மறுநாள் காலை, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, முன்சக்கரங்கள் மேடான பக்கம் இருக்குமாறு வண்டியை நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டேன். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட, பாட்டில் சோடா போல் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. மட்டம் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வால்வு திறந்த கணத்தில் ஹோஸ் சட்டென்று சூடாகி, மட்டம் ஒரே மடக்கில் இறங்கியது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கூடுதலாக உள்ளே போனது. இந்த வேலையை ஆறிய இன்ஜினில் தொடங்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 0.9 என்று பொறித்த மூடி தரும் அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும்; சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அது சட்டென்று கொதித்து, ஆவியும் கொதிநீருமாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

கூலண்ட் இம்முறை பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தது. கிணற்றுத் தண்ணீர் எடுக்கும் குடம் காருக்கு அருகில் வருவதில்லை. ஒரு வாரம் கழித்துக் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு நான்கு பேரோடு போய் வந்தேன். முள் தன் பழைய இடத்தை விட்டு நகரவில்லை. திரும்பி வந்து மட்டம் பார்த்தபோது இரண்டு விரற்கடை குறைந்திருந்தது, நிரப்பிவிட்டேன். மெக்கானிக் அண்ணன் வந்து வால்வின் மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, கசிவு இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொண்டார். 2 மில்லிமீட்டர் பெரிய அந்த வால்வு பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. அது எந்த வண்டிக்கு உரியது என்பதைக் கடைக்காரரிடமிருந்து கடைசிவரை அறிய முடியவில்லை.