30 மீட்டர் வயர், மூன்று ஞாயிறு

நங்கநல்லூரில் எங்களுடையது கீழே ஒன்று, மேலே ஒன்று என்று கட்டின பழைய வீடு. எல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஃபைபர் மோடம் கீழே ஹாலில், டிவி ஷோகேஸுக்குப் பின்னால் இருக்கிறது. கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் பிளக் பாயின்ட் எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான். பக்கத்தில் ஆளுயர இரும்பு பீரோ வேறு. நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது மாடியில், மோடத்துக்கு நேர் எதிர் மூலையில். மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்று டீமில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

போனில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஹாலில் மைனஸ் 40 காட்டியது மாடி அறையில் மைனஸ் 84. பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 70-ஐத் தாண்டினாலே தள்ளாட்டம்தான். 84 என்றால் ஏதோ உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் முதலில் செய்தேன். 1,800 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாடிப்படித் திருப்பத்தில் செருகினேன். போனில் கோடு முழுசாக வந்தது. வேகம் பார்த்தால் 18 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 18 மெகாபிட். எங்கள் பிளான் 200. கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்காரர் ரசம் கேட்டால், நடுவில் நிற்பவர் ஓடிப்போய் உள்ளே சொல்லி, வாங்கி வந்து ஊற்றுவார் இல்லையா, ரிப்பீட்டர் செய்வதும் அதுதான். ஒரே ஆள், ஒரே ஜோடிக் கால். இந்தப் பக்கம் கேட்கிற நேரத்தில் அந்தப் பக்கம் கொடுக்க முடியாது. ஒரே ரேடியோவை வைத்து இரண்டு பக்கமும் பேசுவதால் பாதி வேகம் அங்கேயே போய்விடுகிறது. போதாததற்கு, அது நிற்கிற இடத்திலேயே சிக்னல் சுமார்தான். சுமாரானதை வாங்கி சத்தமாகத் திருப்பிச் சொன்னால் கோடுதான் கூடும், வேகம் கூடாது.

சரி, வயரே இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மோடத்திலிருந்து மாடி அறை வரை ஒரு ஈதர்நெட் கேபிள். அதன் முனையில், பரணில் சும்மா கிடந்த பழைய ரௌட்டர். செங்கல் சுவரும் கான்கிரீட்டும் காற்றில் போகிற சிக்னலைத்தான் தடுக்கும், தாமிரத்தை அல்ல.

“சுவத்துல ஓட்டை போட்டியோ, தெரியும் சேதி” என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். பெயின்ட் அடித்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. வழி காட்டியது அப்பாதான். 2003-ல் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று சென்னையில் கொண்டுவந்தார்களே, அந்தச் சமயத்தில் மாடிக்கும் ஒரு டிவி வைக்கலாம் என்று கேபிள்காரரிடம் சொல்லி இழுத்த வயர் அப்படியே இருக்கிறது. ஹால் ஜன்னல் ஓரத்து ஓட்டை வழியாக வெளியே போய், சன்ஷேடுக்குக் கீழே பிவிசி பைப்புக்குள் ஓடி, எல்போ என்கிற ஒரு பைப் வளைவில் திரும்பி, மேலே ஏறி, சரியாக என் மேஜைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது. பல வருஷமாக அதில் ஒன்றும் ஓடவில்லை. ஓட்டை இருக்கிறது, பைப் இருக்கிறது, உள்ளே இழுகயிறு மாதிரி ஒரு வயரும் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

சனிக்கிழமை மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கேட் 6 கேபிள் (ஈதர்நெட் வயரில் ஒரு தரம்) என்று கேட்டதும் கடைக்காரர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: “கேமராவுக்கா சார், நெட்டுக்கா?” நெட்டுக்கு என்றேன். கையில் எடுத்திருந்த சுருளைக் கீழே வைத்துவிட்டு வேறு பெட்டியை இழுத்தார். முதலில் எடுத்தது சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்கு மேலே தாமிரப் பூச்சு. விலை பாதிதான். ஆனால் மின்தடை அதிகம், மடக்கினால் உள்ளுக்குள் ஒடியும். தரக் கணக்குப்படி அதைக் கேட் 6 என்றே சொல்லக் கூடாது. ஆனாலும் மேலே கேட் 6 என்றே அச்சடித்து விற்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, கம்பி நுனியை பிளேடால் சுரண்டிப் பார்ப்பது. உள்ளேயும் சிவப்பாக இருந்தால் தாமிரம், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கேட்டதும் அவரே சுரண்டிக் காட்டினார். முழுத் தாமிரம் மீட்டர் 28 ரூபாய். 22 மீட்டர் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். “இருக்கட்டும் சார், வெட்டிட்டா ஒட்ட முடியாது” என்று 30 அளந்து வெட்டினார். கனெக்டரை வயரில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலும் டெஸ்டரும் சேர்ந்த செட், வயர் நுனியில் மாட்டும் ஆர்ஜே 45 கனெக்டர் ஒரு பொட்டலம் எல்லாம் சேர்த்து 1,610 ரூபாய். ரிப்பீட்டரைவிடக் குறைவு என்பது ரயிலில் வரும்போதுதான் உறைத்தது.

முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தோம், வெயில் ஏறினால் அந்தப் பக்கச் சுவரில் கை வைக்க முடியாது. புது கேபிளின் நுனியையும் பழைய வயரின் நுனியையும் சேர்த்து வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றினேன். அப்பா கீழே ஜன்னலோரம் தள்ள, நான் மேலேயிருந்து இழுக்க வேண்டும். எட்டு மீட்டர் வரை வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு நின்றது. எல்போ.

“இழுடா.”

“இழுத்துட்டுதான்பா இருக்கேன், வரல.”

“பலமா இழு.”

பலமாக இழுக்கக் கூடாது என்பதுதான் விஷயம். இந்தக் கேபிளுக்கு 11 கிலோ எடைக்கு மேல் இழுவிசை கொடுத்தால் உள்ளே கம்பி ஜோடிகளின் முறுக்கு குலைந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டையும் திரும்ப வெளியே எடுத்துப் பார்த்தால், நான் டேப் சுற்றின இடம் கொழுக்கட்டை மாதிரி உருண்டு திரண்டிருந்தது. இந்த முறை இரண்டு நுனியையும் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, டேப்பை ஒரே சுற்றாக மெலிதாக ஓட்டினேன். அம்மா முகத்துக்குப் போடும் பவுடரை அப்பா கேட்காமலேயே எடுத்துவந்து வயர் முழுக்கப் பூசிவிட்டார். இரண்டே நிமிஷத்தில் மேலே வந்துவிட்டது. ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விட்டேன். ஐப்பசி மழையில் வயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

அடுத்தது கிரிம்பிங். மேலுறையை உரித்தால் உள்ளே நான்கு ஜோடி, எட்டுக் கம்பி. முறுக்கைப் பிரித்து நீவி, வரிசையாக அடுக்கி, நுனியை ஒரே மட்டத்துக்கு வெட்டி, கனெக்டருக்குள் தள்ளி அழுத்த வேண்டும். இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எட்டையும் பிடித்திருக்கும்போது பழுப்புக் கம்பி மட்டும் எப்போதும் ஒரு மயிரிழை விலகும். நான்கு கனெக்டர் குப்பைக்குப் போன பிறகு கை வாகுக்கு வந்தது. டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் நெட் படுத்தது. காரணம் நான்தான். பழைய ரௌட்டரை அப்படியே எடுத்து, அதன் லான் போர்ட்டில், அதாவது வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளையில், வயரைச் செருகிவிட்டேன். அதன் முகவரியும் 192.168.1.1, மோடத்தின் முகவரியும் அதே. போதாக்குறைக்கு இரண்டும் டிஎச்சிபி நடத்துகின்றன, அதாவது வீட்டிலுள்ள போன், டிவிக்கெல்லாம் இரண்டு பேர் போட்டி போட்டு ஐபி முகவரி வழங்குகிறார்கள். யார் முந்துகிறார்களோ அவர்கள் கொடுத்ததுதான். “டேய், டிவி சுத்திக்கிட்டே இருக்குடா” என்று கீழேயிருந்து குரல் வந்ததும் வயரைப் பிடுங்கினேன்.

பழைய ரௌட்டரை லேப்டாப்போடு மட்டும் தனியாக இணைத்து, முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். பிறகு டிஎச்சிபியை அணைத்தேன். இரண்டும் முடிந்த பிறகுதான் மாடி வயரை லான் போர்ட்டில் செருக வேண்டும், வெளியிலிருந்து நெட் வருவதற்கான வான் (WAN) போர்ட்டில் அல்ல.  வான் போர்ட்டில் செருகினால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும், கீழே இருக்கும் பிரின்டர் மாடிக்குத் தெரியாது. சில ரௌட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று ஒரே பட்டனில் இதையெல்லாம் செய்துவிடலாம். என்னுடையது அதற்கு முந்தைய தலைமுறை. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே. சேனல் மட்டும் கீழே 1, மேலே 11, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றும்தான்.

திங்கள், செவ்வாய் அருமை. புதன்கிழமை மீட்டிங்கில் மறுபடி கிணறு. வியாழன் சரியாக இருந்தது. வெள்ளி மறுபடியும். கவனித்துப் பார்த்தால், அம்மா சம்பிலிருந்து டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரத்தில்தான் கெடுகிறது. மோட்டார் ஓடும்போது பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் செய்தி) போட்டுப் பார்த்தேன், பத்தில் இரண்டு மூன்று திரும்பி வரவில்லை. மோட்டாருக்குப் போகும் லைனும் அதே சன்ஷேடுக்குக் கீழேதான் போகிறது. ஆனால் ஊரில் எல்லோர் வீட்டிலும்தான் மோட்டார் ஓடுகிறது. டெஸ்டரைப் போட்டால் எட்டு விளக்கும் ஜம்மென்று எரிகிறது.

இரண்டாம் ஞாயிறு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனெக்டரைப் பார்த்தபோது பிடிபட்டது. நான் கம்பிகளை ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கியிருந்தேன்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம், பழுப்பு வெள்ளை, பழுப்பு. பார்க்கத்தான் அழகு. டி568பி என்கிற தர வரிசை வேறு: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் நீலத்துக்கு வழிவிட்டு, 3-லும் 6-லும் கால் பரப்பி நிற்க வேண்டும். பழைய டெலிபோன் லைன் நடுவிலுள்ள 4, 5-ல் வந்ததால் ஏற்பட்ட ஏற்பாடு அது. சிக்னல் 3, 6-ல் ஒரு ஜோடியாகப் போகும். அந்த இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கின கம்பிகளாக இருந்தால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். மறுமுனையில் கழித்துப் பார்க்கும்போது காணாமல் போய்விடும். நான் அடுக்கினதில் 3-ல் பச்சை வெள்ளை, 6-ல் நீலம். இரண்டும் வேறு வேறு ஜோடி. மோட்டார் போட்ட இரைச்சலெல்லாம் உள்ளே வந்துவிட்டது. டெஸ்டருக்கு இது தெரியாது. இந்த முனையில் 3-ல் விட்டது அந்த முனையில் 3-ல் வருகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

இரண்டு முனையையும் வெட்டி, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் மறுபடி போட்டேன். மோட்டார் ஓடட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆயிரம் பிங் அனுப்பினேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

வேகம் மட்டும் 94. எத்தனை முறை பார்த்தாலும் 94. ஹாலில் 200 வருகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் தரவோடு சேர்த்து அனுப்பும் முகவரி மாதிரியான கூடுதல் சுமையெல்லாம் போக மிஞ்சுவது 94 என்பது தெரியும். 100-க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, நான்கும் வேண்டும். அப்படியானால் நீலமோ பழுப்போ சரியாகக் கடிக்கவில்லை என்று முடிவுகட்டி, மூன்றாம் ஞாயிறு ஒரு முனையை வெட்டினேன். 94. இன்னொரு முனையை வெட்டினேன். 94. ஆபீசிலிருந்து கொண்டுவந்திருந்த யூஎஸ்பி அடாப்டரை லேப்டாப்பில் மாட்டி வயரை நேராகச் செருகினேன். 200 வந்தது. ரௌட்டரைத் தலைகீழாகத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தேன். போர்ட் 10/100. அதற்குமேல் அதால் முடியாது. முதல் நாளே திருப்பிப் பார்த்திருந்தால் இரண்டு கனெக்டர் மிச்சம்.

புது ரௌட்டர் வாங்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். மீட்டிங்குக்கு 94 தாராளம். என்றைக்காவது மாற்றினால் வயர் தயாராக இருக்கிறது. மாடியில் இப்போது மைனஸ் 45. ஒரே குறை, படியேறி வரும்போது போன் கீழே உள்ளதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது மாறுவது என்பது போனின் முடிவு, நாம் சொன்னால் கேட்காது. மோடத்தில் வைஃபை சக்தியை ஒரு படி குறைத்த பிறகு கொஞ்சம் சீக்கிரம் மாறுகிறது. இடி இடித்தால் மேலே வயரைக் கழற்றிவிடுகிறேன், வெளிச்சுவரில் ஓடுகிற தாமிரம் என்பதால்.

ரிப்பீட்டரை ஆபீசில் ஒருவர் கேட்டார், கதையைச் சொல்லிவிட்டே கொடுத்தேன். உருவி எடுத்த பழைய கேபிள் டிவி வயர் 14 மீட்டர் மாடிப்படியில் சுருண்டு கிடந்தது. எடைக்குப் போடலாம் என்று தேடினால் காணவில்லை. மொட்டை மாடியில் அம்மா அதைக் கொடியாகக் கட்டி அப்பாவின் வேட்டியைக் காயப்போட்டிருக்கிறார்.