அம்மாவின் தோளும் சுவரில் பென்சில் கோடும்

அம்மாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. போன ஐப்பசியில் வலது தோள் வலிக்கிறது என்றார். தைலம் தேய்த்துப் பார்த்தோம். பொங்கலுக்குள் கொண்டை போடக்கூடக் கை எட்டவில்லை. ராத்திரியில் அந்தப் பக்கம் ஒருக்களித்தும் படுக்க முடியவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "ஃப்ரோசன் ஷோல்டர், தோள் மூட்டு இறுகிப்போச்சு, பிசியோதெரபிக்குப் போங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருந்தது. தோளில் பட்டைகளை ஒட்டி இருபது நிமிடம் கரண்ட் வைப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். பத்து நாளில் ஒரு தடவைகூட யாரும் அம்மாவின் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வலி மட்டும் கொஞ்ச நேரம் அடங்கும். பிசியோதெரபி என்றால் இவ்வளவுதான் போல என்று நிறுத்திவிட்டோம்.

முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட மாடி வீட்டு அக்காதான் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு பெண்ணைச் சொன்னார். சின்ன வயசு, பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பு படித்தவர். முதல் நாள் மெஷின் பக்கமே போகவில்லை. சர்க்கரை அளவு, ராத்திரி வலி, எந்தெந்த வேலை செய்ய முடியவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை என்பதை அம்மா அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். எனக்கே தெரியாது.

அப்புறம் கோணமானி மாதிரி ஒரு பிளாஸ்டிக் அளவியைத் தோளில் வைத்து அளந்தார். 180 டிகிரி போகவேண்டிய கை 90-இல் நின்றது. "இப்ப நீங்க தூக்காதீங்கம்மா, நான் தூக்குறேன்" என்று அவரே மெதுவாகத் தூக்கினார். அதே இடத்தில் நின்றது. "தசை கிழிஞ்சிருந்தா, உங்களால முடியலைன்னாலும் நான் தூக்குனா பெரும்பாலும் போகும். இங்க மூட்டைச் சுத்தியிருக்கிற உறையே தடிச்சுச் சுருங்கியிருக்கு. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இது அதிகமா வரும். சரியாகுறதுக்கு மாசக்கணக்காகும், வருஷம்கூட ஆகலாம்" என்றார். இத்தனை நாளில் குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காததே எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

"ஏம்மா, கரண்ட் வைக்க மாட்டியா?" என்று அம்மா கேட்டார்.

"அது வலியைத்தான் கொஞ்சம் குறைக்கும்மா. கை அசையணும்னா அசைச்சுத்தான் ஆகணும்."

வாரம் இரண்டு நாள் அங்கே, மற்ற நாள் வீட்டில். இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து வலது கையை ஊசல் மாதிரி ஆட்டுவது ஒன்று. சுவரில் விரல்களால் நண்டு ஏறுவதுபோல ஏறுவது இன்னொன்று. விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னார். சமையலறைச் சுவரில் இப்போது பதினோரு கோடுகள். சில வாரம் கோடு ஏறவே இல்லை. அன்றைக்கெல்லாம் அம்மா சாப்பாட்டில்கூட மனசு வைக்கமாட்டார்.

நீங்கள் தேடுவதாக இருந்தால், படிப்பு என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் நாளே தொட்டு, அளந்து பார்க்காத இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள். செலவு முடியாதென்றால் அரசுத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு 2021-இல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள்.

போன வாரம் அளந்தபோது 135. கொண்டை அவரே போட்டுக்கொள்கிறார். கொக்கிக்குக் கை இன்னும் எட்டவில்லை, அதற்காக முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கும் பயிற்சியை இந்தத் திங்கட்கிழமைதான் ஆரம்பித்திருக்கிறார்கள்.