அரியமானில் இரண்டு கட்டெறும்பு

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில், உச்சிப்புளி தாண்டி இடப்பக்கம் திரும்பினால் அரியமான் கடற்கரை. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் பெரிதாக அலை கிடையாது. வந்தவர்கள் எல்லாம் தண்ணீரில் நிற்க, நான் சவுக்குத் தோப்பில் கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்துவிட்டுக் குப்புறப் படுத்திருந்தேன்.

"என்ன தம்பி, எறும்புக்குக் கருப்பட்டி வைக்கிறீக?" நுங்கு வெட்டிக்கொண்டிருந்த ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கருப்பட்டி அவர் கடையில் வாங்கியதுதான்.

கால் மணி நேரத்தில் கட்டெறும்பு வந்தது. கூடவே, அதே கறுப்பில் கொஞ்சம் குட்டையாக இன்னொன்று. சின்னக் கட்டெறும்பு என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அளவை நம்பவே கூடாது. ஒரே புற்றில் ஒன்றரை சென்டிமீட்டர் வேலைக்காரியும் இருக்கும், அதில் பாதி அளவுள்ளதும் இருக்கும்.

கண்ணாடிக் குப்பியில் ஒவ்வொன்றாகப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தேன். கட்டெறும்புக்கு, அதாவது அறிவியல் பெயரில் கேம்பொனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸுக்கு, மார்பின் முதுகு வில் மாதிரி ஒரே வளைவு. மற்றதற்கு நடுவில் பள்ளம். பள்ளத்துக்குப் பின்னால் பெட்டி போல எழும்பி, சட்டென்று செங்குத்தாக இறங்குகிறது. வெயிலில் திருப்பினால் வயிறு முழுக்கப் பொன்னிற மயிர் மின்னுகிறது. கேம்பொனோட்டஸ் செரிசியஸ். ஒரே பேரினம், பங்காளி முறை. இதன் நடை கூட வேறு: கட்டெறும்பு சாரை போடும், இதுவோ இரை கண்டால் தோழி ஒருத்தியை மட்டும் கூட்டி வரும். பின்னால் வருபவள் முன்னால் போகிறவளின் வயிற்றைத் தொட்டபடியே வருவாள்.

ஆச்சியிடம் லென்ஸைக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தவர், "முலாம் பூசுன கணக்காவுல இருக்கு" என்றார்.

இந்தப் பெருமையில் பார்க்காமல் உட்கார்ந்த இடம் செவ்வெறும்புப் புற்று. தொடையில் தீ. சரி, வந்தது வந்தாயிற்று, யார் என்று பார்ப்போம். இடுப்பில் இரண்டு கணு, சிலதுக்குப் பெருந்தலை. ஃபைடோலி என்கிற வேறொரு எறும்புப் பேரினத்துக்கும் இதெல்லாம் உண்டு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். ஃபைடோலிக்குப் பொதுவாகப் 12 துண்டு, நுனியில் மூன்று தடித்திருக்கும். மார்பின் பின்முனையில் பெரும்பாலும் இரண்டு முள். என்னைக் கடித்ததற்கு முள் இல்லை, தடித்தது இரண்டே துண்டு. நெருப்பெறும்பு என்றால் மொத்தம் பத்துத் துண்டு இருக்க வேண்டும், அதை எண்ணக் கை நடுக்கம் விடவில்லை. ஆனாலும் போதும், நெருப்பெறும்புதான். அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்து உலகமெல்லாம் குடியேறிய சொலனாப்சிஸ் ஜெமினேட்டா.

கடி என்று சொல்லிவிட்டேன். தாடையால் பிடிப்பது பிடிமானத்துக்கு; எரிவது வயிற்று நுனிக் கொடுக்கால் கொட்டுவது. கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது, கடித்த இடத்தில் அமிலம் பீச்சுவதோடு சரி.

ஆச்சி நுங்குத் தண்ணீரைத் தடவச் சொன்னார். தடவினேன், குளுமையாக இருந்தது. இரவு அறையில் எண்ணினால் ஏழு தடிப்பு.